சோலார் பம்பும் மண்வளமும் சேர்ந்த திட்டத்துக்கு அடிப்படைக் கணக்கெடுப்பில் எதை அளக்க வேண்டும்?

உங்கள் கேள்வி இது: அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் உள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ரசாயனத்தைக் குறைத்து மண்ணை மீட்கும் விவசாயத்தையும் சோலார் பம்பு, சாண எரிவாயு போன்றவற்றையும் ஒரே திட்டமாகச் செய்யப் போகிறது. நிதி தருபவர்கள் "முதலில் பேஸ்லைன் எடுத்துத் தாருங்கள்", அதாவது திட்டம் தொடங்கும் முன் உள்ள நிலையை அளந்து தாருங்கள் என்கிறார்கள். அதற்குப் போதிய பணமும் இல்லை. எதை அளப்பது, எப்படி அளப்பது?

தென்மாவட்டக் கரிசல் ஊர்களில் இந்த வகைக் கணக்கெடுப்பு வேலையைத்தான் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மண்ணுக்குத் தனியாக ஒரு படிவம், மின்சாரத்துக்குத் தனியாக ஒரு படிவம் என்று போட்டு இரண்டையும் பின் அடித்துக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் பயன் குறைவு. விவசாயமும் எரிசக்தியும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் சில இருக்கின்றன: கிணற்றுத் தண்ணீர், சாணமும் பயிர்க் கழிவும், உர மூட்டை, மேய்ச்சல் தரிசு. உங்கள் நேரத்தையும் பணத்தையும் அங்கே போடுங்கள். அதிலும் தண்ணீருக்கு முதலிடம். மண் மாதிரியை ஒரு மாதம் தள்ளி எடுத்தால் பெரிய நஷ்டமில்லை. சோலார் பம்பு ஓட ஆரம்பித்த பிறகு, முந்தைய நீர்மட்டம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

தண்ணீரை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் மாநிலத்தில் 1990-லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டரே கிடையாது. யார் எவ்வளவு இறைக்கிறார்கள் என்பதற்கு ஏட்டில் பதிவு இல்லை. "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும்?" என்று கேட்டால், "கரன்ட் இருக்குற வரைக்கும் ஓடும் தம்பி" என்பதுதான் பதில். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருப்பவருக்கு அது எத்தனை மணிக்கு ஓடியது என்பது அவருக்கே தெரியாது. அதனால் கேள்வித்தாளை நம்பாமல் வாய்க்காலில் நின்று அளக்க வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. 200 லிட்டர் டிரம் ஒன்று, செல்போனில் ஸ்டாப்வாட்ச், வயரைக் கவ்விக் கிலோவாட் காட்டும் ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு நீளமான டேப். காலையில் மோட்டார் போடுவதற்கு முன்பே கிணற்று நீர்மட்டத்தை எடுத்துவிடுங்கள். அப்புறம் மோட்டாரை ஓட விட்டு, தண்ணீர் சீரான பிறகு டிரம்மைக் குழாய்க்கு அடியில் தள்ளுங்கள். 40 நொடியில் நிறைகிறது என்றால் நொடிக்கு 5 லிட்டர். அதே நேரத்தில் வயர்மேன் ஒருவரை வைத்து ஸ்டார்ட்டர் பெட்டியில் மோட்டார் எத்தனை கிலோவாட் இழுக்கிறது என்று பாருங்கள். 30 மீட்டர் ஆழத்திலிருந்து நொடிக்கு 5 லிட்டர் தூக்க ஒன்றரை கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவாகத்தான் தேவை. மீட்டரில் நாலரை காட்டினால், மூன்றில் ஒரு பங்கு மின்சாரம்தான் தண்ணீராகிறது. மிச்சம் சூடாகவும் அதிர்வாகவும் போகிறது. பலமுறை காயில் கட்டிய மோட்டாரில் இது சர்வசாதாரணம். கடைசியாக, மோட்டாரை நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். கிணற்றின் ஊற்றுதான் உங்கள் திட்டத்தின் உண்மையான எல்லை. பேனலின் அளவு அதற்கு அடுத்ததுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் என்பது சுமார் 1,03,000 லிட்டர். 30 மீட்டரிலிருந்து, 40 சதவீதத் திறனில் அதைத் தூக்க ஏறத்தாழ 21 யூனிட் வேண்டும். 5 எச்.பி. பம்புக்கு வைக்கும் 5 கிலோவாட் அளவு பேனல் நம் வெயிலில் ஒரு நாளில் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மட்டம் 60 மீட்டருக்கு இறங்கினால் அதே பேனல் பாதித் தண்ணீர்தான் தரும். ஆக, நிலத்தடி நீர் இறங்க இறங்க எரிசக்தித் திட்டமும் சேர்ந்து தோற்கும். மண்ணில் மட்கும் மூடாக்கும் கூடி, பாசனத்தில் ஒரு தண்ணீர் மிச்சமானால், அது நேரடியாக யூனிட் கணக்கில் தெரியும். உங்கள் திட்டத்தின் இரண்டு பாதிகளும் சேருவது இந்த இடத்தில்தான். அதைக் காட்ட முதல் வருட எண் கையில் இருக்க வேண்டும்.

நீர்மட்டத்தை ஒரு தடவை எடுத்து நிறுத்திவிடாதீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை எடுக்கிறது. நீங்களும் அதே மாதங்களில் எடுத்தால் அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். உங்கள் குறுவட்டம் எந்த வகையில் வருகிறது என்பதையும் முதலிலேயே பாருங்கள். எடுக்கும் நீர் ஊறும் நீரில் 70 சதவீதம் வரை என்றால் பாதுகாப்பானது. 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. அதிநுகர்வுப் பகுதியில், சோலார் பம்புக்கு மானியம் தரும் மத்திய அரசின் பி.எம். குசும் திட்ட விதிப்படி புதிய சோலார் பம்புக்கு இடமில்லை. இருக்கிற டீசல் எஞ்சினை மாற்றலாம், அதுவும் சொட்டுநீர், தெளிப்புநீர் போட்டிருந்தால்தான். இதைப் பார்க்காமல் திட்டம் எழுதி, பாதியில் நிற்கிற ஊர்கள் உண்டு.

இன்னொன்றையும் குறித்து வையுங்கள்: வருடத்தில் எத்தனை நாள் மோட்டார் ஓடுவதே இல்லை? ஒருபோகப் பயிர் செய்கிற கரிசலில் இது பல மாதம் இருக்கும். அந்த நாட்களில் பேனல் சும்மா கிடக்கும், அல்லது "சும்மாதானே கிடக்கிறது" என்று இன்னொரு போகத்துக்கு இறைக்கத் தோன்றும். குஜராத்தில் கேடா மாவட்டத்து துண்டி கிராமத்தில் ஆறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து, 2016-லிருந்து மிச்ச மின்சாரத்தை கிரிட்டுக்கு விற்றார்கள். தண்ணீரை இறைக்காமல் விடுவதும் வருமானம் தரும் என்று காட்டிய முயற்சி அது. உங்கள் ஊரில் அது சரிப்படுமா என்பதைச் சும்மா கிடக்கும் நாட்களின் கணக்குதான் சொல்லும்.

அளக்கும்போது ஒரு சங்கடம் வரும். 5 எச்.பி. அனுமதி வாங்கி ஏழரை ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள். கிளாம்ப் மீட்டரைக் கண்டதும் மின்வாரியத்து ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். பெயர் எழுதாமல் கிணற்றுக்கு ஓர் எண் மட்டும் கொடுங்கள். அந்தப் பட்டியலை வெளியே தரமாட்டோம் என்று கூட்டத்தில் சொல்லி, அப்படியே நடந்துகொள்ளுங்கள். அந்த நம்பிக்கை போனால், மூன்றாம் வருடம் மறுபடி அளக்கப் போகும்போது யாரும் கிணற்றுப் பக்கம் விடமாட்டார்கள்.

அடுத்தது சாணமும் பயிர்க் கழிவும். எரிசக்தித் திட்ட அறிக்கைகளில் "உபரி உயிர்ப்பொருள்" என்று ஒரு பெரிய எண் இருக்கும். களத்தில் போய்ப் பார்த்தால் உபரி என்று எதுவும் லேசில் கிடைக்காது. சோளத்தட்டை மாட்டுக்கு, பருத்தி மார் அடுப்புக்கு, மக்காச்சோளத் தட்டையில் பாதி மாட்டுக்குப் போய் மீதியை ரோட்டோவேட்டர் போட்டு மடக்கியோ கொளுத்தியோ விடுகிறார்கள். கழிவைப் பவர் பிளான்ட்டுக்கு விற்றால் மண்ணுக்குப் போவது குறையும்; எரித்த சாம்பலில் சாம்பல்சத்து திரும்பும், கரிமமும் தழைச்சத்தும் திரும்பாது. ஆகவே ஒவ்வொரு பயிருக்கும் ஐந்து மீட்டர் சதுரத்தில் கயிறு கட்டி, அறுவடைக்குப் பின் நிற்கும் தட்டையை வெட்டி, காயவைத்து எடை போடுங்கள். அது எங்கே போகிறது என்று பங்கு பிரித்து எழுதுங்கள். யாருக்கும் வேண்டாமல் கொளுத்தப்படும் பங்கு மட்டும்தான் உங்கள் கைக்கு வரும் பொருள்.

சாணத்திலும் இதே கதை. "எத்தனை மாடு?" என்று கேட்டு, மாட்டுக்குப் பத்து கிலோ என்று பெருக்குவது தப்பான எண்ணைத் தரும். மேய்ச்சலுக்குப் போகும் மாடு பாதிச் சாணத்தைக் காட்டில் போட்டுவிட்டுத்தான் வரும். காலையில் தொழுவத்தில் அள்ளும் கூடையைத் தராசில் வையுங்கள். 2 கனமீட்டர் எரிவாயுக் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணமும், அதே அளவு தண்ணீரும் வேண்டும். கிடைக்கும் வாயு ஒரு சிலிண்டரை 16, 17 நாளில் தீர்க்கும் குடும்பத்தின் தேவைக்குச் சமம். நம் பக்கம் நிறையக் கலன்கள் முடங்கியதற்கு மே மாதத்துத் தண்ணீர்த் தட்டுப்பாடும் சாணப் பற்றாக்குறையும் பெரிய காரணம். சாணத்தை விற்பவர்களையும் விடாமல் கேளுங்கள். லாரி ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகும் சாணம் உங்கள் ஊரிலும் இருக்கலாம். இந்தக் கேள்விகளை வீட்டுப் பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். விறகு எங்கிருந்து வருகிறது, எத்தனை நடை, சிலிண்டர் எப்போது தீர்ந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவரிடம் மட்டும் கேட்டால் பாதிக் கணக்குக்கூட வராது.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்வள அட்டை இருந்தால் வாங்கிப் பாருங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அதற்கு 15 செ.மீ. ஆழம் போதும், கரிமக் கணக்குக்கு 30 செ.மீ. வரை எடுத்து, மண்ணின் அடர்த்தியையும் சேர்த்து அளக்க வேண்டும். கரிமம் 0.5 சதவீதம், அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்றால் 30 செ.மீ. ஆழத்தில் ஹெக்டேருக்கு 21 டன். கரிசலில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் மொத்தக் கரிமம் பார்க்கும் எந்திரத்தில் போட்டால் சுண்ணாம்பின் கரிமமும் சேர்ந்து வந்துவிடும். மட்கின் கரிமத்தை மட்டும் ரசாயனம் கொண்டு பார்க்கும் வாக்லி-பிளாக் முறையா, சுண்ணாம்பை நீக்கிய பிறகு பார்ப்பதா என்று ஆய்வகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு மாதிரியிலும் அரைக் கிலோவை நிழலில் உலர்த்தி, மூடி போட்ட டப்பாவில் எண் எழுதி வையுங்கள். நான்கைந்து வருடம் கழித்துப் பழைய மண்ணையும் புது மண்ணையும் ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில் பார்த்தால்தான் வித்தியாசத்தை நம்ப முடியும். ஒரு வருடத்தில் கரிமம் கூடிவிட்டது என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் ஆய்வகப் பிழை அளவுக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் உறிஞ்சும் வேகம் அதைவிடச் சீக்கிரம் மாறும். 15 செ.மீ. அகல பி.வி.சி. வளையத்தை மண்ணில் இறக்கி, 450 மில்லி தண்ணீர் ஊற்றி, மறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். காய்ந்து வெடித்த கரிசலில் இந்தச் சோதனை ஏமாற்றும். மழைக்குப் பின் வெடிப்பு மூடியதும் செய்யுங்கள்.

உரத்தைப் பணக் கணக்கில் மட்டும் எழுதாமல் எரிசக்திக் கணக்கிலும் எழுதுங்கள். ஒரு டன் யூரியா தயாரிக்க நம் ஆலைகளில் ஐந்தரை முதல் ஆறரை ஜிகா கலோரி போகிறது. 45 கிலோ மூட்டைக்குப் பிரித்தால் ஏறக்குறைய 30 லிட்டர் டீசலின் சக்தி. தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுது, ஏக்கருக்கு ஒரு மூட்டை குறைத்தாலே அது எவ்வளவு பெரிய மிச்சம் பாருங்கள். நிதி தருபவர்கள் பேனலை மட்டும் எரிசக்தி என்று எண்ணாமல் இருக்க இந்த ஒரு வரி உதவும். டிராக்டர் உழவு எத்தனை சால், எத்தனை லிட்டர் டீசல் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

எனக்கு மனசு கேட்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: தரிசு. அடங்கலில் தரிசு என்று இருப்பதைப் பார்த்து, "இங்கே பேனல் பரப்பலாம்" என்று வரைபடத்தில் வட்டம் போட்டுவிடுகிறார்கள். ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டி வருவது அந்தத் தரிசை நம்பித்தான். அந்த ஆடுகள்தான் இரவில் நம் காட்டில் கிடை கிடந்து, புழுக்கையும் மூத்திரமுமாக மண்ணை உரமாக்குகின்றன. தரிசுக்கு முள்வேலி போட்டால் அடுத்த வருடம் கிடை வராது. எந்த மாதம் எந்தத் தரிசில் யார் ஆடு மேய்கிறது, கிடைக்கு என்ன கூலி, எத்தனை ஏக்கரில் கிடை போடுகிறார்கள் என்று கீதாரியிடமே கேட்டு எழுதுங்கள். கண்மாய் வண்டலான கரம்பையை நிலத்தில் அடிக்கிறவர்கள், ஊடுபயிர் விடாமல் போடுகிறவர்கள் பெயரையும் சேருங்கள். இவையெல்லாம் ஏற்கெனவே நடக்கிற மண்மீட்பு வேலை. இவற்றை எழுதாமல் விட்டால் நாளைக்கு அந்தப் பெருமையும் திட்டத்தின் கணக்கில் ஏறிவிடும்.

வருமானம், கடன், குடும்பம் பற்றிய கேள்விகள் எல்லோரிடமும் இருக்கின்றன. வழக்கமான படிவமே போதும். திட்டத்தில் சேராத விவசாயிகளின் கிணறு, விளைநிலம் சிலவற்றையும் அதே முறையில் அளந்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை ஒரு வருடம் கொட்டினால் எல்லாக் கிணறும் ஏறும்; அது திட்டத்தால் வந்ததா, மழையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இவர்கள்தான் ஆதாரம். ஊரில் ஒரு மழைமானியும் வைத்துவிடுங்கள், விலை அதிகமில்லை.

பணம் பற்றாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் வீடு வீடாகப் போகும் நீளக் கேள்வித்தாளைப் பாதியாகக் குறையுங்கள், கிணறுகளின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். டிரம், டேப் வேலையை ஊர் இளைஞர்கள் இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்து, நாள்கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். மே மாத மட்டத்தை எடுத்த பிறகுதான் பேனல் இறங்க வேண்டும் என்று நிதி தருபவர்களிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். பம்பு நிறுவனம் அவசரப்படுத்தும். அதற்காக அந்த அளவை விட்டுவிடாதீர்கள்.