ஓட ஆரம்பித்துப் பத்தே நாளில் கணைக்கால் வலி

தம்பி, மொரிஷியஸின் ரெதுயியில் வகுப்புக்குப் போகும் முன் தினமும் காந்தோஸ் குன்றில் 5 கி.மீ. ஓடியதில் இரண்டு கணைக்காலிலும் (முழங்காலுக்கும் பாதத்துக்கும் நடுவே) உள்பக்கம் வலி, ஓட்டத்தை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டத்தை விட வேண்டாம், குன்றை விடுங்கள்.

கட்டைவிரலால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே அழுத்திப் பாருங்கள். நாலைந்து விரற்கடைக்கு மேல் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அதிகச் சுமையால் வந்த எரிச்சல்தான். காசளவு இடத்தில் மட்டும் சுருக்கென்றாலோ, படுக்கையிலும் வலித்தாலோ எலும்பில் கீறல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

மூச்சு சீக்கிரம் பழகும், எலும்புக்கு மாதக்கணக்காகும். அதுவும் தார் ரோட்டு இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் பிரேக் போடுவது மாதிரி.

வலி அடங்கும்வரை நடை மட்டும். பிறகு வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், சமதளப் புல்தரையில் 1 நிமிடம் ஓட்டம், 3 நிமிடம் நடை, 6 சுற்று. மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டும் ஓட்டத்தை அரை நிமிடம் கூட்டுங்கள். படிக்கட்டு விளிம்பில் குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குவது, 12 தடவை, 3 சுற்று. இதைத்தான் எல்லாரும் தவிர்ப்பார்கள்.

ஓடியபின் வெறும் தேநீரோடு பஸ் ஏறாதீர்கள். ஒரு ஜோடி தால் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி), க்ரோ புவா (பெரிய வெள்ளை அவரைக்கொட்டை) கறியோடு, தாராளமாகச் சாப்பிடலாம்.