போர்டோ கலவை தெளித்தபின் காப்பி இலை கருகியது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் அரபிகா காப்பி வைத்திருக்கிறேன். இலைத்துரு நோய்க்காக 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 200 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் போர்டோ கலவை தெளித்தேன். இரண்டாம் நாளே தளிர் இலைகளின் ஓரம் கருகிவிட்டது. சுண்ணாம்பு, சென்ற ஆண்டு வாங்கி மீந்திருந்த மூட்டையிலிருந்து எடுத்தது. அடுத்த தெளிப்புக்கு, சேலம் மாமாங்கம் பக்கம் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல்லின் பொடியைச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போடலாமா?

பதில்: ஐயா, வணக்கம். காப்பிக்கான அரை சதவீதக் கலவைக்கு நீங்கள் எடுத்த அளவு சரியானதே. கருகலுக்குக் காரணம் அந்தப் பழைய மூட்டை என்றே கருதுகிறேன்.

சுண்ணாம்பு என்று பொதுவாகச் சொல்லப்படுபவை வேதியியலில் மூன்று வேறு சேர்மங்கள். பூமியிலிருந்து வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட் ஆகும். அதைக் காளவாயில் சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கால்சியம் ஆக்சைடு என்னும் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதன்மேல் தண்ணீர் பட்டதும் சூடேறிக் கொதித்து, பொரிந்து உதிர்ந்து, கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் நீற்றுச் சுண்ணாம்பாகிறது. போர்டோ கலவைக்குத் தேவையான காரத்தன்மை இந்த நீற்றுச் சுண்ணாம்பில்தான் உள்ளது. ஆனால் வாய் கட்டாத மூட்டையில் கிடந்தால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக்கொண்டு மீண்டும் கால்சியம் கார்பனேட்டாகவே மாறிவிடும். ஏற்காட்டு மூடுபனியின் ஈரம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளைப் பொடிதான்.

மயில்துத்தம் எனப்படும் காப்பர் சல்பேட் படிகத்தின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தாமிரம். அது தண்ணீரில் முழுவதும் கரைந்துவிடுவதால், தனியாக இலைமேல் பட்டால் இளந்திசுக்களுக்குள் புகுந்து அவற்றைக் கொன்றுவிடும். நீற்றுச் சுண்ணாம்பு சேரும்போது தாமிரம் தண்ணீரில் கரையாத, வான்நீல நிறக் கூழ்ப்பொருளாகிறது. இலையில் படிந்து காயும் அந்தப் படலத்திலிருந்து தாமிரம் மிகச் சிறிது சிறிதாகவே வெளிப்பட்டு, முளைக்க முற்படும் பூசண வித்துகளை அழிக்கிறது. கணக்கின்படி 1 கிலோ துத்தத்தை மாற்றுவதற்கு, கலப்பில்லாத நீற்றுச் சுண்ணாம்பு சுமார் 300 கிராம் இருந்தாலே போதும். தரக்குறைவை ஈடுகட்டத்தான் 1 கிலோ சேர்க்கிறோம். அவ்வளவு சேர்த்தும் இலை கருகியது என்றால், உங்கள் மூட்டையின் பெரும்பகுதி கார்பனேட்டாக மாறியிருக்க வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடித் தட்டில் இட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ சில சொட்டுகள் விடுங்கள். நல்ல நீற்றுச் சுண்ணாம்பு நுரைக்காமல் கரையும்; கார்பனேட்டாக மாறியது குமிழ்விட்டு நுரைக்கும். கலவை தயாரான பிறகும் ஒரு சோதனை உண்டு. இதை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது. துருவில்லாமல் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் சில நிமிடங்கள் வைத்து எடுத்துப் பாருங்கள். அலகில் செந்நிறப் படிவு ஒட்டியிருந்தால், கட்டுப்படாத துத்தம் இன்னும் இருக்கிறது என்று பொருள். இரும்பு கரைந்து, அதன் இடத்தில் கரைசலிலிருந்த தாமிரம் வந்து படிகிறது. படிவு வராத வரைக்கும் சுண்ணாம்புப் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். துத்தக் கரைசலை இரும்பு வாளியிலோ துத்தநாகம் பூசிய தகரத்திலோ வைக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது.

மாமாங்கம் வெள்ளைக்கல் இதற்கு உதவாது. அந்தக் குன்றுகளை ஆங்கிலேயர் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், என்று அழைத்ததால் அது சுண்ணாம்புக்கல் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. உண்மையில் அது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். உலைகளுக்கான தீச்செங்கல் செய்யப் பயன்படும் அந்தக் கனிமம் தண்ணீரில் கரையாது. துத்தத்தைக் கட்டுப்படுத்தும் காரத்தன்மையும் அதற்கில்லை. அதைப் போட்டுத் தெளித்தால் இதைவிட மோசமாகக் கருகும்.

அடுத்த தெளிப்புக்குப் புதிதாகச் சுட்ட கட்டிச் சுண்ணாம்பு வாங்கி, தெளிக்கும் நாளன்று கண்ணையும் கையையும் காத்துக்கொண்டு, சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு நீற்றி, ஆறியபின் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். துத்தத்தைத் தனியே 100 லிட்டரிலும் சுண்ணாம்பை மற்றொரு 100 லிட்டரிலும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றியபடியே கலக்க வேண்டும். தயாரித்த அன்றே தெளித்து முடித்துவிடுங்கள். துருப்பூசணம் இலையின் அடிப்பக்கத் துளைகள் வழியாகவே நுழைவதால், அடிப்பக்கம் நன்கு நனைவது முக்கியம். கருகிய செடிகளில் புதுத் தளிர் முற்றும் வரை காத்திருப்பது நல்லது.

பழைய மூட்டையை எறிந்துவிட வேண்டாம். மண் பரிசோதனையில் உங்கள் தோட்டத்து மண் புளிப்பு மண் என்று தெரிந்தால், அந்தப் பொடியையே பரிந்துரைத்த அளவில் நிலத்தில் தூவி மண்ணோடு கலந்துவிடலாம். மண்ணின் புளிப்பை மாற்றக் கால்சியம் கார்பனேட் மிகவும் ஏற்றது.