ஒதுக்கிய பணமும் செலவான பணமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூர் அரசின் பட்ஜெட்டில், 2024 நிதியாண்டில் 0.8 பில்லியன் வெள்ளிதான் உபரி என்றார்கள். அடுத்த பிப்ரவரியில் 6.4 பில்லியன் என்றார்கள். தெரிந்தே குறைத்துச் சொன்னார்களா? (வாசகர், ஈசூன்)

அப்படிச் சொல்ல எண்களில் ஆதாரம் இல்லை. முதல் எண் நிதியாண்டு தொடங்குவதற்கு முன்பே போட்ட மதிப்பீடு. இரண்டாவது எண் ஆண்டு முடியும் தறுவாயில் வந்த திருத்திய மதிப்பீடு. இடையில் நிறுவன வருமான வரி எதிர்பார்த்ததைவிட மிகவும் கூடி, ஏறத்தாழ 31 பில்லியன் வெள்ளியை எட்டியது. அதற்கு முந்தைய 2023 நிதியாண்டில் கணிப்பு எதிர்த்திசையில் தவறியது: 0.4 பில்லியன் என்று சொன்ன பற்றாக்குறை 3.6 பில்லியனாகத் திருத்தப்பட்டதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. ஓராண்டின் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உள்நோக்கம் கற்பிக்க வேண்டாம். 6.4 பில்லியன் என்பதும் இறுதிக் கணக்கு அன்று. எந்த எண்ணைப் படித்தாலும், அட்டவணையில் அது நிற்கும் நெடுவரிசையின் தலைப்பை முதலில் படியுங்கள்.

எங்கள் வீட்டில் நால்வர். 2025ல் அறிவித்த 500 வெள்ளி சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு ஒருவருக்குத்தானே வந்தது, மற்ற மூவரின் பணம் எங்கே? (வாசகி, தெம்பனிஸ்)

அது குடும்பத்துக்கு உரியது, ஆளுக்கு உரியது அன்று. ஆளுக்கு ஆள் வழங்கப்பட்டது, நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டி 21 வயதை எட்டிய சிங்கப்பூரருக்குத் தந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு. அறிவிப்பை ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் இக்கேள்வி எழுந்திருக்காது.

மூத்தோர் உதவித் திட்டங்களில் முன்னோடித் தலைமுறைக்கு 8 பில்லியன், மெர்டேக்கா தலைமுறைக்கு 6.1 பில்லியன், மாஜுலா தொகுப்புத் திட்டத்துக்கு 7.5 பில்லியன். முதியோருக்கு மட்டுமே ஆண்டுக்கு 21 பில்லியனுக்கு மேல் செலவழித்தால் நாட்டின் நிதியிருப்பு என்னவாகும்? (வாசகர், செங்காங்)

இக்கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனெனில் பல ஆண்டுகளாக இதே கூட்டலைக் கேட்டு மனம் நொந்திருக்கிறேன். ஒரு கலந்துரையாடலில் மேடையிலிருந்தவரே இம்மூன்று தொகைகளையும் கூட்டி ‘ஆண்டுச் செலவு’ என்று திரையில் காட்டினார். அரங்கில் ஒருவரும் அதை மறுக்கவில்லை.

8 பில்லியன் வெள்ளி 2014லும், 6.1 பில்லியன் 2019லும், 7.5 பில்லியன் 2024லும் தனித்தனி நிதியங்களில் போடப்பட்டவை. ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டின் கணக்கில் சிறப்பு மாற்றலாக, அதாவது நிதியத்துக்கு நகர்த்திய தொகையாக, ஒரே ஒருமுறை எழுதப்பட்டது. அதன்பின் அந்தப் பணம் வட்டியோடு சேர்ந்து, அந்தத் தலைமுறையினரின் வாழ்நாள் முழுவதும் சிறுகச் சிறுக வெளியேறுகிறது. என் தந்தை முன்னோடித் தலைமுறையைச் சேர்ந்தவர். பலதுறை மருந்தகத்தில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரைக்கு வாங்கிய ரசீதில், மானியத்துக்குப் பிறகு எஞ்சிய தொகையில் பாதியைக் கழித்துக் காட்டும் ஒரு வரி இருக்கும், சில வெள்ளிதான். 2014ல் ஒதுக்கிய எட்டு பில்லியன் இப்படித்தான், இலட்சக்கணக்கான ரசீதுகளில் சில வெள்ளிகளாகச் செலவாகிறது. ஆகவே ஒதுக்கிய தொகையை ஆண்டுச் செலவு என்பதும், மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் ஒதுக்கீட்டை ஒரே ஆண்டில் ஏற்றுவதும் ஒருசேரச் செய்த இரு தவறுகள்.

இதன் மறுபக்கமும் என்னை அதே அளவு வருத்துகிறது. நிதியத்திலிருந்து பின்னாளில் எடுக்கும் பணம் அந்தந்த ஆண்டின் ஒட்டுமொத்த வரவுசெலவு நிலையில் புதிய செலவாக ஏறுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு, ‘இவ்வாண்டு முதியோருக்கு ஒன்றும் இல்லை’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். எதிர்கால எரிசக்தி நிதிக்கு 2024ல் 5 பில்லியனும் 2025ல் மேலும் 5 பில்லியனும் அறிவித்தபோதும் இதே குழப்பம்தான். ஒதுக்கீடு எப்போது எழுதப்பட்டது, பணம் எப்போது வெளியேறுகிறது என்ற இரண்டையும் தனித்தனியே கேட்காமல் எந்தத் திட்டத்தையும் எடைபோடாதீர்கள்.

நாட்டின் நிதியிருப்பு ஈட்டும் முதலீட்டு வருவாய் முழுவதையும் எடுத்துக்கொண்டு பொருள், சேவை வரியை 9 விழுக்காட்டிலிருந்து குறைக்கலாமே? (வாசகர், பொங்கோல்)

அரசமைப்புச் சட்டம் இடம் தரவில்லை. அரசின் முதலீட்டு நிறுவனங்களான ஜிஐசி, தெமாசெக் ஆகியவையும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் நீண்டகாலத்தில் ஈட்டும் என்று எதிர்பார்க்கப்படும் உண்மை வருவாயில் (பணவீக்கம் கழித்த வருவாயில்) பாதிவரைதான் எடுக்க முடியும். 2025 நிதியாண்டுக்கு அது சுமார் 27 பில்லியன் வெள்ளி என்று மதிப்பிடப்பட்டது.

தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் ஒரு இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் பற்றாக்குறை. மகளிர் உரிமைத் தொகையால்தான் மாநிலம் இந்த நிலைக்கு வந்ததா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

எந்தப் பற்றாக்குறை என்று நீங்கள் எழுதவில்லை. ஏறத்தாழ 1.07 இலட்சம் கோடி என்பது நிதிப் பற்றாக்குறை. மாநில உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காடு. சாலை, பாலம் போன்ற மூலதனப் பணிகளுக்கு வாங்கும் கடனும் அதில் அடங்கும். கவலைக்குரியது வருவாய்ப் பற்றாக்குறை, சுமார் 41,600 கோடி. அன்றாடச் செலவுக்கே கடன் வாங்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் அதுதான். மகளிர் உரிமைத் தொகையைக் கையாலேயே கணக்கிடலாம்: மாதம் 1,000 ரூபாய் வீதம் 1.15 கோடிப் பெண்களுக்கு ஆண்டுக்கு 13,800 கோடி; ஒதுக்கீடும் ஏறக்குறைய அவ்வளவே. அதை அடியோடு நிறுத்தினாலும் வருவாய்ப் பற்றாக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கும். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மின்சார மானியம் ஆகியவற்றைத் தொடாமல் ஒரு திட்டத்தின்மேல் மட்டும் பழி போடுவது கணக்கு ஆகாது. இவையும் மதிப்பீடுகளே என்பதை மறக்க வேண்டாம். சிங்கப்பூர்க் கணக்கில் முதலீட்டு வருவாயும் சேர்வதால், இரு அரசுகளின் எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடவும் வேண்டாம்.

நான் தொடக்கக் கல்லூரி மாணவி. பட்ஜெட்டை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? (ஜூரோங் வெஸ்ட்)

உரையிலிருந்து வேண்டாம், அம்மா. நிதியமைச்சு வெளியிடும் வருவாய், செலவின மதிப்பீட்டு ஏட்டில் உனக்குப் பிடித்த ஓர் அமைச்சின் பகுதியை மட்டும் எடுத்துக்கொள். 2025 ஏடு என்றால், 2023ன் இறுதிக் கணக்கு, 2024ன் மதிப்பீடு, 2024ன் திருத்திய மதிப்பீடு, 2025ன் மதிப்பீடு என நான்கு நெடுவரிசைகள் இருக்கும். பென்சிலால் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாட்டை ஓரத்தில் எழுதிக்கொள். வேறுபாடு பெரிதாக உள்ள வரியில் நின்று, அது அன்றாட இயக்கச் செலவா, கட்டடம் போன்ற மேம்பாட்டுச் செலவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது.