செங்காந்தள் வீட்டில் மறுவருஷம் ஏன் வருவதில்லை?

கிழங்கு வாங்கித் தொட்டியில் வைத்தீர்கள், முதல் வருஷம் நன்றாகப் பூத்தது, மறுவருஷம் முளைக்கவே இல்லை, காட்டுச் செடி என்பதால் வீட்டில் நிலைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக நிலைக்கும். நான் இருக்கிற தாராபுரம் பக்கம் கிளுவை வேலிகளில் யாரும் வைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் வருஷா வருஷம் வந்து பூத்துவிட்டுப் போகிறது. வீட்டில் வைத்தது சாவதற்குப் பெரும்பாலும் கோடையில் நாம் பாசமாக ஊற்றுகிற தண்ணீர்தான் காரணம். இலை மஞ்சளாகிறதே என்று கூடுதலாக ஒரு வாளி, கொடி காய்ந்துவிட்டதே என்று இன்னொரு வாளி. செடி தூங்கப் போகிற நேரத்தில் மண்ணை ஈரமாக வைத்திருந்தால் கிழங்கு அழுகிவிடும். நீங்கள் மழைக்காலம் வரை காத்திருப்பீர்கள், உள்ளே ஒன்றும் இருக்காது.

இந்தக் கொடிக்கு வருஷத்தில் ஏழெட்டு மாதம்தான் வாழ்க்கை. ஆனி ஆடியில் ஈரம் பட்டதும் கிழங்கின் முனையிலிருந்து தண்டு கிளம்பும், புரட்டாசியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை பூ, அப்புறம் காய், தை மாசிக்குள் மேலே இருப்பது எல்லாம் காய்ந்து சருகாகிவிடும். அதிலிருந்து வைகாசி வரை மண்ணுக்குள் உறக்கம். இதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. நாம் நட்ட கிழங்கு அப்படியே இருந்து மறுவருஷம் முளைப்பதில்லை. அது அந்தப் பருவத்திலேயே தன்னைக் கரைத்துக் கொடியை வளர்த்துவிட்டுச் சுருங்கிவிடும். கொடியின் இலைகள் சேர்த்த சத்தில் அடியில் புதுக் கிழங்கு உருவாகும். அதனால் பூ முடிந்ததும் 'இனி பார்க்க அழகாக இல்லை' என்று பச்சையாக இருக்கும்போதே கொடியை வெட்டினால், மறுவருஷத்துக் கிழங்கைப் பட்டினி போட்டதாக அர்த்தம். தானாக மஞ்சளாகிக் காயும்வரை விடுங்கள். காய ஆரம்பித்ததும் தண்ணீரைக் குறைத்து அப்புறம் முழுக்க நிறுத்திவிடுங்கள். தொட்டியை மழையும் ஹோஸ் தண்ணீரும் படாத ஒரு மூலைக்கு நகர்த்திவிட்டு மறந்துவிடுவதுதான் இருப்பதிலேயே நல்ல பராமரிப்பு.

அடுத்து இடம். காட்டுச் செடி என்றதும் நிழலில் வைக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அடர்ந்த காட்டின் இருட்டில் இது இருக்காது. காட்டின் ஓரம், புதர்க்காடு, மலையடிவாரத்துப் பாறை இடுக்கு, ஓடைக்கரை, முள்வேலி, சில இடங்களில் கடலோர மணல்மேடு, இப்படிப்பட்ட இடங்களில்தான் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அமைப்புதான்: அடியில் மற்ற செடிகளின் நிழலும் இலைச்சருகும், மேலே வெயில். புதருக்குள் முளைத்து, புதரைப் பிடித்து ஏறி, வெளிச்சம் கண்ட இடத்தில் பூக்கிறது. மொட்டைமாடியில் நாலு பக்கமும் வெயில் அடிக்கிற சிமெண்ட் தரையில் தொட்டியை வைத்தால் மண் சுட்டுவிடும். முழு நிழலில் வைத்தாலோ கொடி நீண்டு நோஞ்சானாகப் போகுமே தவிர பூ பேருக்கு ஒன்றிரண்டுதான் வரும். தொட்டியைச் சுற்றி நாலு செடித் தொட்டிகளை நெருக்கி வைத்து அடிப்பாகத்தை மறைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஏறுவதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். அவரை மாதிரித் தண்டே சுற்றிக்கொண்டு ஏறுகிற கொடி இல்லை இது. ஒவ்வொரு இலையின் நுனியும் நீண்டு சுருளாகி, அந்தச் சுருள்தான் பிடிக்கிறது. குச்சி, கம்பி, சணல் கயிறு, பக்கத்துச் செடியின் கிளை என்று மெல்லிசாக எது கிடைத்தாலும் பிடித்துக்கொள்ளும். பருமனான மூங்கில், பிவிசி குழாய், சுவர் எல்லாம் அதற்குப் பிரயோஜனம் இல்லை. வயலில் பயிர் செய்கிறவர்கள் கம்பி கட்டியும், கிளுவை, விராலிக் குச்சிகளை நட்டும்தான் கொடியை ஏற்றுகிறார்கள். வீட்டில் செம்பருத்தியோ மருதாணியோ வேலியாக இருந்தால் அதன் அடியில் நட்டுவிடுங்கள், தனியாகப் பந்தல் தேவையில்லை. தண்டு ரொம்ப மெல்லியது, இளசாக இருக்கும்போது அடியில் முறிந்துவிட்டால் அந்த முனையிலிருந்து மறுபடி தளிர்ப்பது அரிது. நாய், கோழி, பந்து விளையாடும் பிள்ளைகள் வரும் வழியில் வேண்டாம்.

மண் விஷயம் சுலபம். தண்ணீர் தேங்கக் கூடாது, அவ்வளவுதான். செம்மண்ணும் மணலும் கலந்த மண் அருமையாக ஒத்துக்கொள்ளும், மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ கொஞ்சம் சேர்க்கலாம். களிமண், கரிசல் என்றால் மேடாகப் பாத்தி எடுத்துத்தான் நட வேண்டும். தொட்டி ஒரு அடிக்குக் குறையாத ஆழம், அடியில் ஓட்டை அடைக்காமல் இருக்க வேண்டும். வளரும் காலத்தில் மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

கிழங்கு இரண்டு விரலை விரித்த மாதிரி இருக்கும், ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு முளைக்கண். அந்த நுனி உடைந்தால் அந்த விரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் முளைக்காது. பார்சலில் வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 50, 60 கிராம் எடை இருந்தால் முதல் வருஷமே பூக்கும், சிறிது என்றால் ஒரு பருவம் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். விதையிலிருந்தும் வரும், ஆனால் முளைப்பு தாறுமாறு, பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

பூவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நம் மாநில மலர். சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமை சொன்னதும் இதைத்தான். ஆறு இதழும் நெளிந்து பின்னால் மடங்கி, பச்சையில் தொடங்கி அடியில் மஞ்சள் மேலே சிவப்பு, நாளாக ஆக முழுச் சிவப்பு. உற்றுப் பார்த்தால் மகரந்தத்தை ஏற்கிற சூல்தண்டு பூவை விட்டு ஒதுங்கிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பது தெரியும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க இந்த ஏற்பாடு. மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகப் பயிர் செய்பவர்கள் பூ பூக்கும் பருவம் முழுக்கக் காலையில் ஆள் வைத்து ஒவ்வொரு பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள், பூச்சியை நம்பினால் காய் போதாது. அந்த விதையிலிருந்துதான் கவுட் எனும் மூட்டு நோய்க்கான கோல்ச்சிசின் எடுக்கிறார்கள். உங்களுக்குக் காய் தேவையில்லை என்றால் விட்டுவிடுங்கள், கொடிக்கும் சுமை குறையும்.

ஒரு புழு வரும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளிகள், பார்க்க என்னவோ அழகாகத்தான் இருக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் கொடியை மொட்டையாக்கிவிடும். கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதே போதும். மழை தொடர்ந்து பெய்தால் இலைக் கருகலும் வரும், காற்றோட்டம் இருந்தால் குறையும்.

இப்போது விஷம். மேலே சொன்ன அதே கோல்ச்சிசின் செடி முழுக்க இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். கிழங்கு பார்க்க வள்ளிக்கிழங்கு மாதிரித் தெரியும் என்பதுதான் ஆபத்து, இலங்கையில் அப்படி மாற்றிச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும், அப்புறம் ஒவ்வொரு உறுப்பாகப் பாதிக்கும், பிழைத்தவர்களுக்கும் ஓரிரு வாரத்தில் முடி கொட்டும். இதற்கென்று மருத்துவமனையில் தயாராக இருக்கிற முறிமருந்து எதுவும் கிடையாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு, ஆடு மாடு மேய்கிற இடம் என்றால் வைக்கவே வேண்டாம் என்பேன். கிழங்கைக் கையுறையோடு தொடுங்கள், எடுத்து வைக்கும்போது சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள், டப்பாவில் பெயர் எழுதுங்கள். நாட்டு வைத்தியம் என்று யாராவது கிழங்கைக் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.

காட்டிலிருந்து தோண்டி வருவதும் வேண்டாம். மருந்துக்கென்று தோண்டித் தோண்டியே பல இடங்களில் காணாமல் போய்விட்டது (ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் இதையே களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், அது வேறு கதை). கண்வலிக் கிழங்கு என்று இதன் இன்னொரு பெயரைச் சொல்லிக் கேட்டால் பயிர் செய்கிற விவசாயிகளிடமே கிடைக்கும்.

உங்கள் பழைய தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மண்ணை மெதுவாகக் கையால் ஒதுக்கிப் பாருங்கள். கிழங்கு கெட்டியாக, நுனி உடையாமல் இருந்தால் உயிர் இருக்கிறது, புது மண்ணில் வைத்து ஆனி வரை காயப் போடுங்கள். அழுத்தினால் கொழகொழவென்று இருந்தால் முடிந்தது, அந்த மண்ணை மறுபடி இதற்குப் பயன்படுத்தாமல் வேறு கிழங்கு வாங்கிக்கொள்ளுங்கள்.