சாவி கொடுத்த அப்பா மண்டியை விடவில்லை

கேள்வி: ஈரோட்டில் எங்களுக்கு மஞ்சள் மண்டி. தாத்தா ஆரம்பித்தது. அப்பாவுக்கு எழுபது நெருங்குகிறது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு, "இனி நீயே பாத்துக்க" என்று கல்லாச் சாவியைக் கொடுத்தார். ஆனால் தினமும் எனக்கு முன்பே மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். ஏலத்தில் வந்த விலைக்குக் கொடுக்கலாம் என்று நான் விவசாயியிடம் சொன்னால், சாயங்காலம் அப்பா போன் போட்டு, "பொறுங்க, இன்னும் ஏறும்" என்கிறார். போன வாரம் மூட்டை தூக்குகிறவர்கள் முன்னால், "விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாதவன்" என்றார். எனக்கு வயது 38. கோவையில் வேலைக்குப் போய்விடலாம் என்கிறாள் மனைவி. போனால் அப்பா உடைந்துவிடுவாரோ?

பதில்: தம்பி, ஆட்கள் முன்னால் அப்படிப் பேசியது தப்பு. பெரியவர் என்பதற்காக விழுங்க வேண்டாம். "திட்டணும்னா தனியாக் கூப்பிட்டுத் திட்டுங்கப்பா" என்று வீட்டில் வைத்துச் சொல்லிவிடுங்கள்.

சரி, அவர் பக்கம். ஆஸ்பத்திரி பயத்தில் கொடுத்த சாவி அது. பயம் தெளிந்ததும் கை திரும்ப நீளத்தான் செய்யும். மண்டியில் அவரைத் தேடி ஆள் வருகிறது, வீட்டில் யார் வருகிறார்கள்? சாவி கொடுத்த மறுநாள் காலையிலிருந்து அவர் என்ன செய்வார் என்று யாருமே பேசவில்லை.

எந்த விவசாயிக்கு முன்பணம் எவ்வளவு, யார் சொன்ன தேதியில் தீர்ப்பார், யாருக்கு எந்த வருஷம் மழை அடித்தது என்பதெல்லாம் பாதி நோட்டில், மீதி அப்பா தலையில் இருக்கும். உங்கள் கைக்கு வர வேண்டியது அதுதான். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். பழைய விவசாயிகளோடு பேச்சு அவருடையதாகவே இருக்கட்டும். பேங்க், ஆட்கள், விற்கலாமா என்ற முடிவு உங்களுடையது. மாற்றுக் கருத்து இருந்தால் முதல் போன் உங்களுக்கு வர வேண்டும். இதைத் தை, மாசியில் பேசாதீர்கள், புது மஞ்சள் வரும் நேரத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. ஆடி வாக்கில் பேசலாம்.

மண்டி இன்னும் அப்பா பெயரில்தானே? அப்படியானால் ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணோடு ஒட்டியது, மண்டி உங்கள் பெயருக்கு மாறினால் நீங்கள் புதிதாக எடுக்க வேண்டும். ஆடிட்டரிடம் அப்பாவையும் கூட்டிப்போங்கள். குடோனை எழுதித் தரச் சொல்லி நெருக்காதீர்கள். அவராக எழுதினால், பெற்றோரைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் நீங்களே சேர்க்கச் சொல்லுங்கள். மீறினால் 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் அவர் ரத்து கேட்கலாம். கையெழுத்துக்கு அப்புறம் பிள்ளை மாறிவிடுவானோ என்ற பயம் பல அப்பாக்களுக்கு உண்டு, வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அக்கா, தங்கை இருந்தால் அந்தப் பேச்சில் அவர்களும் உட்காரட்டும்.

கோவை வேலையை மிரட்டலாகக் காட்டாதீர்கள். ஒரு சீசன் பாருங்கள். சாயங்கால போன் அப்போதும் நிற்கவில்லை என்றால் போகலாம், குற்றவுணர்ச்சி வேண்டாம். போகும் முன் அந்த முன்பணக் கணக்கை மட்டும் முழுசாக எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.