மலைப்பாதையில் ஓடும்போது கைத்துப்பாக்கி வைக்க எந்த மாதிரி மார்புப் பை வாங்கலாம்?

கேட்டவர் டென்வரில் இருக்கிறார். குடியுரிமை வாங்கிவிட்டார், கைத்துப்பாக்கியை மறைத்துக் கொண்டுபோவதற்கான கொலராடோ அனுமதியும் இருக்கிறது. வார இறுதியில் மலைப்பாதையில் ஓட்டம், கோடையில் நீண்ட நடை. இடுப்பில் வைத்தால் தோள்பையின் பெல்ட் இடிக்கிறது, அதனால் மார்புப் பை வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்.

நானும் கொலராடோவில்தான் இருக்கிறேன். மலையடிவாரப் பாதைகளில் பல வருடங்களாகத் தனியாக ஓடுகிற பெண். மார்புப் பைதான் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். தாராளமாக வாங்குங்கள். ஆனால் கடையில் அதை ஒரு ஹோல்ஸ்டர், அதாவது துப்பாக்கி உறை, என்று நினைத்துக்கொண்டு சோதியுங்கள். எத்தனை அறை, எந்த நிறம், போன் நுழையுமா என்பதெல்லாம் அப்புறம்.

முதலில், இதைப் படிக்கிற மற்ற தமிழர்களுக்காக ஒரு விஷயம். எச்-1பி, எஃப்-1, எல்-1 மாதிரி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேட்காமல் நம்ப வேண்டாம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றும் நினைக்காதீர்கள். நாம் கும்பலாக மலையேறப் போகிறவர்கள், ஒருவர் பையை இன்னொருவர் வாங்கிச் சுமப்பது நமக்குச் சாதாரணம். துப்பாக்கி உள்ள பையை விசாவில் இருக்கும் நண்பரிடம் கொடுப்பதும், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவிடம் "கொஞ்சம் பிடிங்கப்பா" என்று நீட்டுவதும் அவர்களைப் பெரிய சிக்கலில் மாட்டிவிடும். இந்தப் பை உங்கள் உடம்பை விட்டு இறங்கக் கூடாது.

இடுப்பு ஏன் சரிப்படாது என்பது உங்களுக்கே தெரியும். தோள்பைக்குள் வைப்பது அதைவிட மோசம். ஓடையில் தண்ணீர் பிடிக்கப் பையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் துப்பாக்கியும் அங்கேயே கிடக்கும். மார்பில் இருந்தால் தோள்பையைக் கழற்றினாலும் கூடவே இருக்கும், கார் சீட்டில் உட்கார்ந்தாலும் கைக்கு எட்டும்.

நம் மாநிலத்தில் எதற்காகக் கொண்டுபோகிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இங்கே கிரிஸ்லி கரடி இல்லை. கடைசியாகத் தெரிந்த ஒன்று 1979ல் சான் வான் மலையில் கொல்லப்பட்டது. கருங்கரடி உண்டு, பெரும்பாலும் நம்மைக் கண்டதும் விலகிவிடும். மூஸ் என்ற மிகப் பெரிய மான் உண்டு, கன்றோடு இருந்தால் ஆபத்தான மிருகம். அதற்கு மரத்தின் பின்னால் ஒதுங்குவதுதான் வழி. மலைச்சிங்கம், அதாவது பியூமா, உண்டு. அப்புறம் மனிதர்கள். தனியாக ஓடுகிற பெண்ணுக்கு இந்தக் கடைசி வரிதான் முதல் வரி.

மலைச்சிங்கம் தாக்குவது மிக மிக அபூர்வம். ஆனாலும் பை வாங்குகிற எவரும் ஒரு சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2019 பிப்ரவரியில் ஃபோர்ட் காலின்ஸ் அருகே ஹார்ஸ்டூத் மலையில் தனியாக ஓடிக்கொண்டிருந்த ஒருவர் பின்னால் சருகு சத்தம் கேட்டுத் திரும்பினார். இளம் மலைச்சிங்கம் ஒன்று முகத்தை நோக்கிப் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது. அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. கல்லால் அடித்து, கடைசியில் அதன் கழுத்தில் காலை வைத்து அழுத்திப் பிழைத்து வந்தார். இதில் நான் கவனிப்பது அந்த மணிக்கட்டை. ஒரு கை அதன் வாயில். மிச்சம் இருப்பது ஒரு கைதான். நீங்கள் வாங்கப்போகும் பையை ஒற்றைக் கையால் திறக்க முடியுமா? இடது கையால் மட்டும்? வலது கையால் மட்டும்? நிறையப் பைகள் இந்தச் சோதனையில் தோற்றுவிடும். ஜிப்பை ஒரு கையால் இழுக்கும்போது பையும் சேர்ந்து இழுபடும், பையைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டியிருக்கும். பக்கவாட்டுப் பட்டை இரண்டும் விலாவோடு இறுகப் பிடித்தால்தான் பை நகராமல் ஜிப் மட்டும் ஓடும்.

இனி பைக்குள்.

துப்பாக்கியைப் பைக்குள் சும்மா போட்டு வைக்கக் கூடாது. கைடெக்ஸ் மாதிரி கெட்டியான பொருளில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வேண்டும். அது ட்ரிகரையும் அதைச் சுற்றிய வளையத்தையும் முழுக்க மூட வேண்டும். அந்த ஹோல்ஸ்டர் பையின் உள்சுவரில் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். பல பைகளில் உள்பக்கம் முழுக்க வெல்க்ரோ துணி இருக்கும். அதில் ஒட்டி, முடிந்தால் ஒரு பட்டையால் பையின் தையலோடும் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உருவும்போது ஹோல்ஸ்டரும் சேர்ந்து வந்துவிடும். துணியில் தைத்த, எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று விற்கிற உறையைத் தொடாதீர்கள். வியர்வையில் துணி தொய்ந்து மடிந்தால் அந்த மடிப்பே ட்ரிகர் வளையத்துக்குள் போய் ட்ரிகரை அழுத்திவிடலாம்.

துப்பாக்கி இருக்கும் அறையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. கார் சாவி, எனர்ஜி ஜெல், ஹெட்போன் கயிறு, லிப் பாம், ஒன்றும் கூடாது. ஜாக்கெட் நுனியில் தொங்கும் நாடாகூட ஜிப் மூடும்போது உள்ளே போய்விடும், அதைப் பார்த்து வெளியே எடுத்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஆகவே குறைந்தது இரண்டு தனித்தனி அறை உள்ள பையாக வாங்குங்கள். உடம்பை ஒட்டிய பின் அறை துப்பாக்கிக்கு மட்டும், முன் அறை மற்றதற்கு.

அடுத்து, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது? வலது கைக்காரர் என்றால் பிடி வலப்பக்கம் இருக்கும், குழல் இடப்பக்கம் பார்க்கும். துப்பாக்கியைக் கிடைமட்டமாகப் படுக்கவைக்கும் பைகளில், பாதையில் உங்கள் இடப்பக்கம் நடந்து வருபவரின் கையை நோக்கி அது நீட்டிக்கொண்டே இருக்கும். ஜிப்பைத் திறந்த இடது கையும் அதற்கு நேர் எதிரே வரும். ஹோல்ஸ்டரைச் சாய்வாக, குழல் இடது இடுப்பைத் தாண்டித் தரையைப் பார்ப்பதுபோல் ஒட்ட இடம் இருக்கிற பைதான் நல்லது. பை உயரமாக இருந்தால் இதற்கு இடம் கிடைக்கும். மெல்லிய, நீளவாட்டுப் பைகளில் கிடைக்காது. நான் ஒரு பையை வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

உருவும் முறையை நீல நிறப் பிளாஸ்டிக் பயிற்சித் துப்பாக்கியை வைத்து வீட்டில் பழகுங்கள். இடது கை ஜிப் ரன்னரில் கட்டிய கயிற்று வளையத்தைப் பிடித்து மேல்நோக்கிக் கோணமாக இழுக்கும், அப்படியே நெஞ்சின் மேல்பகுதியில் தட்டையாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் வலது கை உள்ளே போக வேண்டும். இடது கையைக் காற்றில் விட்டால் அது குழலுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். குளிர்காலக் கையுறையோடும் செய்து பாருங்கள். விரல் நுழையாத வளையத்தை மாற்றிப் பெரிதாகக் கட்டிக்கொள்ளலாம், செலவே இல்லை. திரும்ப வைக்கும்போது உடம்பில் மாட்டியிருக்கும் பைக்குள் பார்க்காமல் திணிக்கக் கூடாது. அவசரம் முடிந்துவிட்டது, நின்று, குனிந்து, அறைக்குள் துணி எதுவும் இல்லையென்று கண்ணால் பார்த்து வையுங்கள்.

எடைக்கு வருவோம். ஓட்டத்துக்கும் நடைக்கும் பதில் வேறு. கிளாக் 20 என்ற பெரிய பிஸ்டல் தோட்டாக்களோடு 1.1 கிலோவைத் தாண்டும். கிளாக் 43எக்ஸ் என்ற மெல்லிய பிஸ்டல் தோட்டாக்களோடு சுமார் 650 கிராம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் வெறும் எடை சுமார் 410 கிராம். கடையிலிருந்து வந்த பைக்குள் உங்கள் துப்பாக்கியின் எடைக்குச் சமமாக உப்பு பாக்கெட்டைக் கட்டிப் போட்டு, வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிப் பாருங்கள். டேக்கைப் பிய்க்காமல் செய்தால் பிடிக்காததைத் திருப்பி அனுப்பலாம். ஒரு கிலோ உப்பு மார்பில் குதிக்கும்போது எதற்காக ஓட்டக்காரர்கள் சின்ன துப்பாக்கி வாங்குகிறார்கள் என்பது புரியும். என் அனுபவத்தில் 700 கிராமுக்கு மேல் போனால் இறக்கத்தில் அடிக்கிறது. அடிக்காமல் இருக்கப் பட்டையை இறுக்கினால் ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது. மேல் பட்டையை இறுக்கமாகவும், விலாவைச் சுற்றும் பட்டையைப் பை நகராத ஆனால் மூச்சு முட்டாத அளவிலும் வைத்து, பையை மார்பெலும்பின் மேல்பகுதிக்குத் தூக்கிக் கட்டினால் மூச்சு தடைபடாது. ஆழமாக மூச்சை இழுத்த நிலையில்தான் பட்டையை அளக்க வேண்டும்.

பெண்களுக்கு இன்னொன்று. ஸ்போர்ட்ஸ் பிராவின் கீழ்ப்பட்டையும் பையின் பட்டையும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். பட்டை இரண்டு விரல் மேலேயோ கீழேயோ நகர்கிறதா என்று பாருங்கள். முதுகில் ஒற்றைப் பட்டை குறுக்கே போகிற பைகள் கழுத்தை இழுக்கும். இரண்டு தோளிலும் ஏறி முதுகில் அகலமான வலைத்துணியில் சேர்கிற வகைதான் நீண்ட தூரத்துக்குத் தாங்கும். பக்கிள்கள் முதுகுப்பக்கம் வராமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலே போடும் தோள்பை அவற்றை எலும்பில் அழுத்தும்.

பெயர் சொல்லிக் கேட்டால்: கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷனில் இருக்கும் ஹில் பீப்பிள் கியர் செய்கிற கிட் பேக் வகைதான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். தோள்பைக்கு அடியில் போடுவதற்கென்றே தட்டையான முதுகோடு செய்தது. ஓட்டக்காரர்களுக்கென்று சின்ன அளவும் உண்டு. கெனாய் மாதிரி கைடெக்ஸ் மார்பு ஹோல்ஸ்டர், டயமண்ட் டி நிறுவனத்தின் தோல் ஹோல்ஸ்டர் எல்லாம் அலாஸ்காவில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு அருமையானவை. உருவுவதும் வேகம். ஆனால் துப்பாக்கி வெளியே தெரியும், உங்கள் அனுமதியோ மறைத்துக் கொண்டுபோவதற்கானது. டென்வர் நகருக்குள் வெளியே தெரியக் கொண்டுபோவதற்குத் தடை இருக்கிறது. குடும்பங்கள் நடக்கிற பாதையில் அது எல்லோரையும் பயமுறுத்தவும் செய்யும்.

வயோமிங், மோன்டானா பக்கம் நடக்கப் போனால் கணக்கு மாறும். அங்கே கிரிஸ்லி உண்டு. அங்கே மார்பில் முதலிடம் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடி ஸ்பிரேக்குத்தான், துப்பாக்கி இரண்டாவது. 1985 முதல் 2006 வரை அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்த ஆய்வில், ஸ்பிரே அடித்தபோது பழுப்புக் கரடிகளில் (கிரிஸ்லியும் இந்த இனம்தான்) 92 சதவீதம் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டன. கிரிஸ்லி மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த நேரத்தில் ஓடிவரும் கரடியின் மூளையைக் குறிபார்த்துச் சுடுவதைவிட மேகம் மாதிரி விரிகிற ஸ்பிரே நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு எளிது. பையின் வெளிப்பக்கம் ஸ்பிரே டப்பாவை மாட்ட வளையங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விமானத்தில் அதைச் செக்-இன் பெட்டியில்கூட ஏற்ற முடியாது, போய் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

பையைக் கழற்றும் இடங்களையும் இப்போதே திட்டமிடுங்கள். 2010 பிப்ரவரியிலிருந்து தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால் பார்வையாளர் மையம் மாதிரி மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. ராக்கி மவுண்டன் பூங்காவில் வரைபடம் வாங்க உள்ளே போகிற அந்த ஐந்து நிமிடத்துக்கும் இது பொருந்தும். கொலராடோவில் 2025 ஜனவரியிலிருந்து, ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை வைத்தால் வெளியே தெரியாதபடி, கெட்டியான பூட்டுப்பெட்டிக்குள் வைத்துக் காரையும் பூட்ட வேண்டும். துணிப் பை பூட்டுப்பெட்டி ஆகாது. ஆகவே பை வாங்கும்போதே காருக்கு ஒரு பெட்டியும் சேர்த்து வாங்குங்கள். 2021ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு நகரங்களும் கவுண்டிகளும் மாநிலத்தைவிடக் கடுமையான விதி போடலாம், அதனால் புதிய பாதைக்குப் போகும் முன் அந்த ஊர் விதியைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேலை இருக்கிறது. பையிலிருந்து துப்பாக்கியை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள், பையை மட்டும் ஆணியில் மாட்டுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் "உள்ளேதான் ஜிப் போட்டிருக்கேனே" என்பது பாதுகாப்பே இல்லை. கோடையில் வியர்வை பின் அறைவரை ஊறும். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் துடைத்து, லேசாக எண்ணெய் போட்டு, பையைத் திறந்து காயப்போட வேண்டும்.

இந்தப் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். விமான நிலையத்துக்கு பாஸ்போர்ட் வைக்க வசதியாக இருக்கிறதே என்று தோன்றும். தையல் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் பிடிபட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். ஊருக்குப் போகும்போது சாதாரணப் பை ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.