ரத்தம் ஏற்றாமல் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடியுமா? மாற்று வழிகள் என்னென்ன?

பல அறுவை சிகிச்சைகளில் முடியும். ஆனால், ரத்தத்துக்குப் பதிலாகப் பையில் தொங்கவிட ஏதோ ஒரு திரவம் இருக்கிறது என்று எண்ணிக் கேட்டிருந்தால், அப்படி ஒன்று வழக்கமான பயன்பாட்டில் இல்லை. சலைன் ரத்தக் குழாயை நிரப்பும், ஆக்சிஜனைச் சுமக்காது. அவசரமில்லாத அறுவை என்றால், தேதி குறித்த நாளுக்கும் மேசையில் படுக்கும் நாளுக்கும் நடுவே கிடைக்கும் நாலைந்து வாரம்தான் உண்மையான மாற்று. பெரும்பாலும் வீணாகப் போவதும் அதுவே.

தேதி முடிவானதுமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான சோதனை), வைட்டமின் பி12 பார்த்துவிட வேண்டும். முதல் நாள் மாலை பார்த்து, "ஒன்பதுதான் இருக்கிறது, ஒரு யூனிட் ஏற்றிவிடலாம்" என்பது திட்டமிடாததன் விளைவு. ஹீமோகுளோபின் ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 என்பது பொதுவான கீழ் வரம்பு. அறுவைக்கு முன் பெண்களுக்கும் 13 வேண்டும் என்பவர்கள் பக்கம்தான் நான். பெண்ணின் உடலில் மொத்த ரத்தம் குறைவு, அதே அறுவையில் இழப்பதோ ஏறக்குறைய அதே அளவு.

ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவு உறுதி. ஏமாறுவது வேறு இடத்தில். முடக்குவாதம், புற்றுநோய், நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு அழற்சியாலேயே ஃபெரிட்டின் ஏறி நிற்கும். அவர்களுக்கு 80 என்று வந்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றிருக்கும். டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதுவும் குறைபாடுதான். ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்கேனும் ரத்தம் கசிகிறதா என்று தேடாமல் மாத்திரை மட்டும் கொடுப்பது தப்பு.

எவ்வளவு இரும்பு வேண்டும்? உடல் எடை × (இலக்கு ஹீமோகுளோபின் − இப்போதுள்ளது) × 2.4, அதோடு சேமிப்புக்கு 500 மி.கி. 60 கிலோ எடை, 9-லிருந்து 13-க்கு ஏற வேண்டும் என்றால் 576 + 500 = 1,076 மி.கி. ஆறு வாரத்துக்கு மேல் இருந்தால் மாத்திரை போதும். தினமும் 40–60 மி.கி., அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் 80–100 மி.கி. இது தனிம இரும்பின் கணக்கு, அதாவது மாத்திரையின் மொத்த எடையல்ல, அதிலுள்ள இரும்பு மட்டும்; 200 மி.கி. உலர் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் அது 65 மி.கி.தான். தினம் மூன்று மாத்திரை விழுங்குவதால் வேகமாக ஏறாது. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்கு உறிஞ்சுதலை மட்டுப்படுத்திவிடும். மிஞ்சுவது மலச்சிக்கல். டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போடக் கூடாது.

நாள் குறைவென்றால் நரம்பு வழி இரும்பு. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் 1,000 மி.கி.யை 15 நிமிடத்தில் ஏற்றலாம். இரும்பு சுக்ரோஸ் என்றால் 200 மி.கி. வீதம் பல முறை. ஊசி நரம்பை விட்டு விலகினால் தோலில் பழுப்புக் கறை படிந்து ஆண்டுக்கணக்கில் போகாது. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸால் ரத்தத்தில் பாஸ்பேட் குறையவும் கூடும். இதை மந்திரமாக நினைக்க வேண்டாம்: பெரிய வயிற்று அறுவைக்கு முன் இரும்பு ஏற்றிப் பார்த்த பிரிவென்ட் ஆய்வில் (2020) ரத்தம் ஏற்றும் தேவை குறையவில்லை. மற்ற வழிகளும் சேர்ந்தால்தான் பலன்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டையும் வழக்கமாக 5 நாள் முன்பு நிறுத்துவார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

அறுவை அரங்கில் மலிவும் பலனும் சேர்ந்தது, உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம். கீறலுக்கு முன் 1 கிராம், 10 நிமிடத்தில் மெதுவாக. வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் சரியும். சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். இதன் ஆம்பியூலை முதுகுத்தண்டில் போடும் மயக்க மருந்து என்று மாற்றி எடுத்து வலிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. ஸ்பைனல் டிரே பக்கமே அதை வைக்காதீர்கள்.

அரை லிட்டருக்கு மேல் இழப்பு எதிர்பார்த்தால் செல் சேவர். சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, சுழற்றி, சலைனில் கழுவி, சிவப்பணுக்களை அவருக்கே திருப்பித் தரும் கருவி. ரத்தம் குழாயில் உறையாதிருக்க ஒரு லிட்டர் சலைனில் 30,000 யூனிட் ஹெப்பாரின் கலந்து உறிஞ்சும் குழாயில் சொட்டவிடுவார்கள். உறிஞ்சும் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் அணுக்கள் உடையும். ரத்தக் குட்டைக்குள் முனையை அமிழ்த்தி வைக்க வேண்டும், காற்றோடு சேர்த்து இழுக்கக் கூடாது. காயத்தை வெறும் தண்ணீரிலோ அயோடினிலோ கழுவும்போது சாதாரண சக்‌ஷனுக்கு மாற்ற வேண்டும். இதை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மலம் கலந்த ரத்தத்துக்கு இது ஆகாது. திரும்பி வருவதில் தட்டணுக்களோ உறைதல் காரணிகளோ இருக்காது என்பதால், லிட்டர் கணக்கில் போனால் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் தனியே பார்க்க வேண்டும்.

உடல் சூடு 36 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். ஒரு டிகிரிக்கும் குறைவான குளிர்ச்சியே ரத்த இழப்பைச் சுமார் 16 சதவீதம் கூட்டுகிறது.

அறுவைக்குப் பின், ரத்தப்போக்கு நின்று நிலையாக இருப்பவருக்கு ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால்தான் ரத்தம் ஏற்றுவது. இதய நோயாளிக்கும் எலும்பு அறுவைக்கும் 8. மாரடைப்பு வந்தவருக்கு இந்தக் கறார் பொருந்தாது. ஒரு யூனிட் சராசரியாக 1 கிராம் ஏற்றும். ஒன்று ஏற்றி, பார்த்து, பிறகே அடுத்தது. பரிசோதனைக்கென்று தினம் எடுப்பதும் இழப்புதான், குழந்தைகளுக்கான சின்னக் குழாயில் எடுத்தாலே போதும்.

மதக் காரணத்தால் ரத்தமே வேண்டாம் என்பவர்கள், அல்புமின் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் புரதம்), ஃபைப்ரினோஜன், செல் சேவர் ஒவ்வொன்றுக்கும் சம்மதமா இல்லையா என்று தனித்தனியே எழுதிக் கையெழுத்திட்டு, மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். மயக்கத்தில் இருக்கும்போது கேட்க முடியாது.